பேட்மேனா, எக்ஸ்-மென்னா? தொண்ணூறுகளின் சூப்பர் ஹீரோ கார்ட்டூன்களில் எதை முதலில் பார்க்கலாம்

1992-ல் அமெரிக்காவின் குழந்தைகள் தொலைக்காட்சியான ஃபாக்ஸ் கிட்ஸில் இரண்டு மாத இடைவெளிக்குள் இரண்டு கார்ட்டூன் தொடர்கள் தொடங்கின. செப்டம்பர் 5 அன்று 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்', அக்டோபர் 31 அன்று 'எக்ஸ்-மென்'. 1994 நவம்பரில் 'ஸ்பைடர்மேன்' வந்து சேர்ந்துகொண்டது. பேட்மேனுக்கு 85 எபிசோட், எக்ஸ்-மென்னுக்கு 76, ஸ்பைடர்மேனுக்கு 65. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 22 நிமிடம் என்றால், எல்லாவற்றையும் பார்த்து முடிக்க எண்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேலை, குடும்பம் என்று இருப்பவர்களுக்கு அது பல மாதக் கணக்கு. அதனால் எதிலிருந்து தொடங்குவது என்பது நியாயமான கேள்வி. தவறான இடத்தில் தொடங்கி நாலு எபிசோடில் சலித்துப்போய், 'இதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு' என்று ஒதுக்கியவர்கள் நிறையப் பேர். அவர்கள் இழந்தது பெரியது என்று நான் நினைக்கிறேன்.

பலரும் தங்களுக்குப் பிடித்த ஹீரோவை வைத்து முடிவெடுக்கிறார்கள். அதைவிட, நீங்கள் எப்படிப் பார்ப்பவர் என்று யோசிப்பது பயன் தரும். வாரத்துக்கு ஒன்றிரண்டு, அதுவும் நினைத்த நேரத்தில் பார்ப்பவருக்கு ஒரு தொடர் பொருந்தும். கதையைப் பிடித்துக்கொண்டு தொடர்ச்சியாக ஓடுபவருக்கு இன்னொன்று. என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இரண்டிலும் சேராதவர், இந்த உலகத்துக்கே புதியவர் என்றால் பேட்மேன்தான். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கண்ணுக்குத் தெரிவதைப் பார்ப்போம். கார்ட்டூன் பின்னணிகளை வெள்ளைத் தாளில் வரைவதுதான் வழக்கம். பேட்மேன் தொடரை உருவாக்கிய இருவரில் ஒருவரான எரிக் ராடோம்ஸ்கி, பின்னணிகளைக் கறுப்புத் தாளில் வரைய வைத்தார். இருட்டு ஏற்கெனவே தாளில் இருக்கிறது, வெளிச்சம் விழும் இடத்தை மட்டும் தீட்டினால் போதும். காத்தம் நகரத்தின் அந்த இரவு இப்படித்தான் பிறந்தது. நகரமும் எந்தக் காலத்தது என்று சொல்ல முடியாதபடி இருக்கிறது. 1940-களின் கார்கள், தொப்பி போட்ட ரௌடிகள், வானத்தில் மிதக்கும் போலீஸ் ஆகாயக் கப்பல்கள், கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி. ஆனால் பேட்மேனின் குகையில் கணினி இருக்கும். எந்தக் காலத்தையும் சேராததால்தான் முப்பது வருடம் கழித்தும் அது பழசாகத் தெரியவில்லை.

இன்னொருவர் ப்ரூஸ் டிம். பாத்திரங்களின் தோற்றத்தை வடிவமைத்தவர் இவர்தான். இவருடைய பேட்மேனை உற்றுப் பாருங்கள்: சதுரத் தாடை, பெரிய தோள், கீழே இறங்கும் கறுப்பு அங்கி, மிகக் குறைவான கோடுகள். இதில் அழகு மட்டும் இல்லை, தொழில் நுணுக்கமும் இருக்கிறது. அனிமேஷனில் ஒரு பாத்திரத்தின் உடலில் எத்தனை கோடு இருக்கிறதோ, அத்தனையையும் ஒவ்வொரு படத்திலும் திரும்பத் திரும்ப வரைய வேண்டும். கோடு குறைந்தால், அந்த உழைப்பை அசைவில் போடலாம்.

எக்ஸ்-மென் இதற்கு நேர்மாறான வழியில் போனது. 1991-ல் காமிக்ஸில் ஜிம் லீ வரைந்த உடைகளைத்தான் தொடருக்கு எடுத்துக்கொண்டார்கள். பெல்ட், பட்டை, தோள் கவசம், ஒவ்வொரு தசைக்கும் ஒரு கோடு. காமிக்ஸ் பக்கத்தில் அது அபாரமாக இருக்கும். ஆனால் அதையே சிறிய பட்ஜெட்டில், ஏழெட்டுப் பேர் ஒரே காட்சியில் நிற்கும்போது அசைய வைப்பது பெரும் பாடு. அதனால் எக்ஸ்-மென்னில் பாத்திரங்கள் அடிக்கடி விறைப்பாக நிற்பார்கள், முகம் காட்சிக்குக் காட்சி மாறும். அனிமேஷனை ரசிக்கத்தான் வருகிறீர்கள் என்றால், ஒப்பீடு இங்கேயே முடிந்துவிட்டது.

பேட்மேனிலும் எல்லாம் ஒரே தரம் கிடையாது. வேலையை ஜப்பான், கொரியா என்று பல ஸ்டூடியோக்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அதன் விளைவைப் பார்க்க 'ஃபீட் ஆஃப் க்ளே' என்ற இரண்டு பாகக் கதை நல்ல உதாரணம். முதல் பாகம் கொரியாவின் ஏகாம் செய்தது, சுமார்தான். இரண்டாம் பாகம் ஜப்பானின் டிஎம்எஸ் செய்தது. களிமண் மனிதனாக மாறிப்போன நடிகன் ஒருவன், தான் நடித்த வேடங்கள் எல்லாம் திரைகளில் ஓடுவதைப் பார்த்துக் கட்டுப்பாடு இழந்து ஒவ்வொரு உருவமாக உருகி மாறும் காட்சி அதில்தான் வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், அனிமேட்டர் என்பவர் கதைக்கு என்ன செய்கிறார் என்று யாரும் விளக்காமலேயே புரிந்துவிடும்.

சரி, கதைக்கு வருவோம். பேட்மேனின் பெரும்பாலான எபிசோடுகள் தனித்தனிச் சிறுகதைகள். அவற்றில் வில்லனைத்தான் நடுவில் வைத்திருப்பார்கள். இதற்கு உச்சம் 'ஹார்ட் ஆஃப் ஐஸ்'. எழுதியது பால் டினி, இயக்கியது ப்ரூஸ் டிம். அதற்கு முன் காமிக்ஸில் மிஸ்டர் ஃப்ரீஸ் என்றால் பனித் துப்பாக்கி வைத்திருக்கும் சாதாரண வில்லன், அவ்வளவுதான். டினி அவனுக்கு ஒரு மனைவியைக் கொடுத்தார். விக்டர் ஃப்ரைஸ் ஒரு விஞ்ஞானி. குணப்படுத்த முடியாத நோயில் இருக்கும் மனைவி நோராவை, மருந்து கண்டுபிடிக்கும் வரை உறைநிலையில் காப்பாற்றி வைத்திருக்கிறான். செலவு அதிகம் என்று கம்பெனித் தலைவர் ஆட்களோடு வந்து அந்த ஆய்வை நிறுத்துகிறார். தடுத்தவனை ரசாயனங்களுக்குள் எட்டி உதைக்கிறார். அதற்குப் பிறகு அவனால் குளிரில் மட்டுமே உயிர் வாழ முடியும்.

இந்த எபிசோடை நான் தொடக்கத்திலேயே பரிந்துரைப்பதற்குக் காரணம் அந்தச் சோகம் மட்டும் இல்லை, அதை 22 நிமிடத்தில் கட்டிய விதமும்தான். கதை முழுவதும் பேட்மேனுக்குச் சளி பிடித்திருக்கிறது. அவருடைய பணியாளர் ஆல்ஃப்ரட் ஒரு ஃப்ளாஸ்கில் கோழி சூப் கொடுத்து அனுப்புகிறார். சிரிப்புக்காக வைத்த சின்ன விஷயம் என்று நினைத்துக் கடந்துபோவோம். கடைசிச் சண்டையில் ஃப்ரீஸின் உறைந்த கண்ணாடிக் கவசத்தை உடைப்பது அந்தச் சூடான சூப்தான். பிறகு பேட்மேன் கம்பெனித் தலைவரின் குற்றத்துக்கான பதிவை நிருபரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். ஜெயித்தவருக்கு மகிழ்ச்சி இல்லை, தோற்றவன் சிறையில் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறான். எழுத்துக்காக டேடைம் எம்மி விருது வாங்கிய எபிசோடு இது. காமிக்ஸும் பின்னர் இந்தக் கதையையே ஃப்ரீஸின் பூர்விகமாக எடுத்துக்கொண்டது. இரவல் வாங்கிய பாத்திரத்தை மெருகேற்றித் திருப்பிக் கொடுத்த தொடர் என்ற பெருமை இதற்கு உண்டு. ஹார்லி க்வினோ இந்தத் தொடரிலேயே பிறந்த பாத்திரம். 'ஜோக்கர்ஸ் ஃபேவர்' எபிசோடில் பேட்மேனின் பரம எதிரி ஜோக்கரின் கையாளாக வந்த பெண், இன்று அவளுக்கென்றே தனிப் படங்கள் வரும் அளவுக்கு வளர்ந்துவிட்டாள். ஆர்லீன் சோர்கின் குரல்தான் அந்தப் பாத்திரத்தின் முதல் உயிர்.

குரலைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொடரைப் பற்றிப் பேசவே முடியாது. குரல் இயக்குநர் ஆண்ட்ரியா ரொமானோ, முடிந்தவரை நடிகர்களை ஒரே அறையில் உட்கார வைத்து, வானொலி நாடகம் போல ஒருவருக்கு ஒருவர் பதில் பேச வைத்துப் பதிவு செய்தார். பேட்மேனுக்குக் குரல் கொடுத்த கெவின் கான்ராய் மேடையிலிருந்து வந்தவர். முகமூடி இல்லாதபோது பேட்மேன்தான் ப்ரூஸ் வெய்ன்; ப்ரூஸ் வெய்னுக்கு ஒரு குரல், பேட்மேனுக்கு ஒரு குரல் என்று பிரித்தார். இரண்டும் ஒரே தொண்டை, எந்தக் கருவியும் இல்லை. கவனித்துக் கேட்டால், வேடம் ப்ரூஸ் வெய்ன்தான், உண்மையான குரல் பேட்மேனுடையது என்பது புரியும். 2022 நவம்பரில் அவர் இறந்தபோது பலரும் 'எங்கள் பேட்மேன்' என்று அழுததற்கு அர்த்தம் இருக்கிறது. ஜோக்கராக முதலில் டிம் கரி பதிவு செய்திருந்தார், பிறகு மார்க் ஹேமில் வந்தார். 'ஹார்ட் ஆஃப் ஐஸ்'-ல் அந்தக் கொடூரமான கம்பெனித் தலைவரின் குரலும் ஹேமில்தான், அவருக்கு ஜோக்கர் கிடைக்க அதுவும் ஒரு வழி. இந்தக் காரணத்துக்காகவே, மொழிமாற்றம் கிடைத்தாலும் பேட்மேனை மூல ஒலியில் சப்டைட்டிலோடு பாருங்கள். பாதி நடிப்பு குரலில் இருக்கிறது.

இசையும் அதே அக்கறையோடு செய்தது. தொடக்க இசை டேனி எல்ஃப்மேனுடையது என்று எல்லோருக்கும் தெரியும். எபிசோடுகளுக்குள் இருக்கும் இசையின் பெரும் பொறுப்பு ஷெர்லி வாக்கருடையது. ஹாலிவுட்டில் பெண் இசையமைப்பாளர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்த காலத்தில், ஒரு கார்ட்டூனுக்கு நிஜ ஆர்கெஸ்ட்ராவை வைத்து எபிசோடுக்கு எபிசோடு புதிதாக எழுதினார். வில்லனுக்கு வில்லன் தனி மெட்டு உண்டு.

இவ்வளவு சொன்ன பிறகு எக்ஸ்-மென் எதற்கு என்று கேட்கலாம். பேட்மேன் செய்யாத ஒன்றை அது செய்கிறது: நடந்தது நடந்ததாகவே நிற்கும்.

முதல் கதையான 'நைட் ஆஃப் த சென்டினல்ஸ்' இரண்டு பாகம். அதிலேயே அணியின் ஓர் உறுப்பினர் மார்ஃப் இறந்துவிட்டதாக விட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். இன்னொரு உறுப்பினர் பீஸ்ட் கைதாகிறார். அடுத்த எபிசோடில் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எதிர்பார்ப்போம், ஆகாது. முதல் சீசனின் பெரும் பகுதி பீஸ்ட் சிறையில்தான் இருக்கிறார், புத்தகம் படித்துக்கொண்டு, தப்பிக்க வாய்ப்பு வந்தும் மறுத்து, சட்டத்தின் முன் நிற்கக் காத்திருக்கிறார். சனிக்கிழமைக் காலை குழந்தைகளுக்கான நேரத்தில் இதை ஒளிபரப்பினார்கள். ஃபாக்ஸ் கிட்ஸின் தலைவராக இருந்த மார்கரெட் லோஷ் அதற்கு முன் மார்வெல் நிறுவனத்தில் இருந்தபோதே எக்ஸ்-மென்னைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர 1989-ல் ஒரு முன்னோட்டப் படம் எடுத்துப் பார்த்தவர். அது தொடராகவில்லை. பதவி கைக்கு வந்ததும் திரும்ப அதையே கையில் எடுத்தார். எரிக் லூவால்ட் தலைமையில் எழுத்தாளர்கள் குழு, காமிக்ஸைக் கரைத்துக் குடித்த இயக்குநர் லாரி ஹூஸ்டன். இவர்களின் பிடிவாதம் கதையில் தெரியும்.

அடிப்படைக் கரு எளிமையானது: மியூட்டன்ட்கள் எனப்படும், பிறவியிலேயே வேறுபட்டவர்களைச் சமூகம் பார்த்துப் பயப்படுகிறது, பயம் வெறுப்பாகிறது, வெறுப்பு சட்டமாகிறது. மியூட்டன்ட்களைப் பதிவு செய்யும் திட்டம், அந்தப் பட்டியலை வைத்து வேட்டையாடும் ராட்சத இயந்திரங்கள், நல்ல எண்ணத்தில் மகளைப் பதிவு செய்துவிட்டுத் தவிக்கும் வளர்ப்புப் பெற்றோர். மேக்னீட்டோ வில்லன்தான், ஆனால் போரில் தன் மக்கள் அழிந்ததைக் கண்டவர் அவர். 'திரும்பவும் அது நடக்கும்' என்று அவர் சொல்லும்போது எக்ஸ்-மென் அணியின் தலைவர் சேவியரால் எளிதாக மறுக்க முடிவதில்லை. யாரையும் தொட முடியாத ரோக், அணியில் இருக்கும் ஜீன் மேல் ஆசை வைத்து வாய்விட்டுச் சொல்ல முடியாத வுல்வரின் என்று ஆளுக்கு ஒரு வலி உண்டு. இத்தனைக்கும் நடுவில் 1995-ல் நைட்க்ராலர் என்ற பாத்திரத்தை வைத்து இறை நம்பிக்கை பற்றி ஓர் எபிசோடு எடுத்தார்கள். அதன் முடிவில் வுல்வரின் தேவாலயத்தில் அமர்ந்து பைபிள் வாசிக்கிறார். மதத்தைத் தொடவே தொலைக்காட்சி தயங்கும் நேரத்தில் அதை எந்தக் கிண்டலும் இல்லாமல் செய்தார்கள். எனக்கு அந்தத் தொடரில் மிகப் பிடித்த எபிசோடு அதுதான், சித்திரம் எவ்வளவு முரடாக இருந்தாலும்.

ஆனால் இந்தப் பலனெல்லாம் தொடர்ந்து பார்த்தால்தான் கிடைக்கும். ஜீனை மையமாகக் கொண்ட ஃபீனிக்ஸ் கதை ஐந்து பாகம், டார்க் ஃபீனிக்ஸ் நாலு பாகம். ஜீனையும் அவள் காதலன் ஸ்காட்டையும் நாற்பது எபிசோடு போலத் தெரிந்து வைத்திருந்தால்தான் டார்க் ஃபீனிக்ஸின் முடிவு நெஞ்சில் இறங்கும். இடையில் ஒன்றை எடுத்துப் பார்த்தால் சத்தமும் வசனமும்தான் மிஞ்சும். குரல் நடிப்பும் பேட்மேனைப் போல அடக்கமானது இல்லை, எல்லோரும் உரக்கப் பேசுவார்கள். கால் டாடின் வுல்வரினைத் தவிர மற்ற குரல்களுக்குப் பழக எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

ஆக, தினமும் இரவு ஓர் எபிசோடு என்று விடாமல் பார்க்க முடிகிறவர், நீண்ட தொடர்கதையில் சுகம் காண்பவர், சித்திரத்தின் கரடுமுரடைப் பொறுத்துக்கொள்பவர் என்றால் எக்ஸ்-மென்னிலேயே தொடங்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. 2024-ல் வந்த 'எக்ஸ்-மென் '97' பழைய தொடர் 1997-ல் நிறுத்திய இடத்திலிருந்து கதையைத் தொடர்கிறது, முதல் சீசன் பத்து எபிசோடு. அதைப் பார்க்க ஆசை என்றால் பழையதைப் பார்க்காமல் போகாதீர்கள்.

ஸ்பைடர்மேனுக்கு நான் அதிக இடம் கொடுக்கப் போவதில்லை. அதன் தலைமை எழுத்தாளர் ஜான் செம்பரின் கதையமைப்பு நல்லது. இரண்டாம் சீசனிலிருந்து ஒவ்வொரு சீசனையும் அத்தியாயங்களாக எண்ணிட்டு ஒரே பெரிய கதையாக நடத்தினார். கறுப்பு உடை வரும் மூன்று பாகக் கதை இன்றும் நன்றாக நிற்கிறது. வெவ்வேறு உலகங்களின் ஸ்பைடர்மேன்களை ஒன்று சேர்க்கும் யோசனை 1998-லேயே இதில் இருக்கிறது. ஆனால் குறைகள் கண்ணை உறுத்தும். காவல்துறையே லேசர் துப்பாக்கி பிடிக்கும், ஏற்கெனவே பார்த்த காட்சித் துண்டுகள் திரும்பத் திரும்ப வரும், வெட்டும் வேகம் மூச்சு விட விடாது. பீட்டர் பார்க்கர் மேல் ஏற்கெனவே பாசம் உள்ளவர்களுக்கு இது மூன்றாவதாகப் பார்க்க நல்ல தொடர்.

1996-ல் வந்த 'சூப்பர்மேன்' பேட்மேன் குழுவே எடுத்தது, 54 எபிசோடு, பேட்மேன் உலகத்தோடு சேர்ந்தது. அதை பேட்மேனுக்குப் பிறகு பார்ப்பதே முறை. நேரமே இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது: 1941 முதல் 1943 வரை திரையரங்குகளுக்காக வந்த 17 சூப்பர்மேன் குறும்படங்கள். முதல் ஒன்பதை ஃப்ளைஷர் ஸ்டூடியோ செய்தது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்து நிமிடத்தில் முடியும், காப்புரிமை காலாவதியானதால் இலவசமாகவே பார்க்கலாம். பேட்மேன் குழு எங்கிருந்து கற்றது என்பதை 'மெக்கானிக்கல் மான்ஸ்டர்ஸ்' ஒன்றே காட்டிவிடும். பின்னால் வந்த போர்க்காலப் படங்கள் சிலவற்றில் ஜப்பானியர்களை இழிவாக வரைந்திருப்பார்கள். குழந்தைகளுக்கு அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

குழந்தைகளோடு பார்ப்பவர்களுக்கு என் கணக்கு கொஞ்சம் மாறும். ஆறேழு வயதுக்கு ஸ்பைடர்மேன் எளிது. பேட்மேனில் ரத்தம் கிடையாது, ஆனால் 'டூ-ஃபேஸ்' போன்ற கதைகள் பெரியவர்களையே கலங்க வைக்கும், பத்து வயதுக்கு மேல் நல்லது. எக்ஸ்-மென் பார்க்கும் பிள்ளைகள் 'ஏன் அவர்களை எல்லோரும் வெறுக்கிறார்கள்' என்று கேட்பார்கள். பதில் சொல்லப் பக்கத்தில் இருங்கள்.

பேட்மேன் என்று முடிவு செய்துவிட்டால், அடுத்தது வரிசை. ஒளிபரப்பான வரிசை வேண்டாம். முதல் நாள் 'தி கேட் அண்ட் த க்ளா' முதல் பாகத்தைப் போட்டார்கள், இரண்டாம் பாகம் ஒரு வாரம் கழித்துத்தான் வந்தது, நடுவில் வேறு கதைகள். தயாரிப்பு வரிசை பரவாயில்லை, அது 'ஆன் லெதர் விங்ஸ்'-ல் தொடங்கும். ஆனால் ஆரம்பத்திலேயே 'ஐவ் காட் பேட்மேன் இன் மை பேஸ்மென்ட்' மாதிரி பலவீனமான எபிசோடு குறுக்கே வரும், புதியவர் அங்கேயே விட்டுவிடுவார். நான் சொல்வது இப்படி: 'ஆன் லெதர் விங்ஸ்' பார்த்து நகரத்துக்குள் நுழையுங்கள். அடுத்து 'ஹார்ட் ஆஃப் ஐஸ்'. பிறகு 'ப்ரிட்டி பாய்சன்', அதன் பின்னரே 'டூ-ஃபேஸ்' இரண்டு பாகமும். இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் டூ-ஃபேஸாக மாறப்போகும் ஹார்வி டென்ட் ப்ரூஸின் நண்பனாகச் சிரித்துப் பேசுவதை முன்பே பார்த்திருந்தால்தான் அந்த வீழ்ச்சி வலிக்கும். அப்புறம் 'ஜோக்கர்ஸ் ஃபேவர்', 'ஃபீட் ஆஃப் க்ளே', 'பிவேர் த க்ரே கோஸ்ட்'. கடைசியாகச் சொன்னதில், அறுபதுகளில் பேட்மேனாக நடித்த ஆடம் வெஸ்ட், வேலை இல்லாமல் போன பழைய தொலைக்காட்சி ஹீரோவாகக் குரல் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு 'பர்சான்ஸ் டு ட்ரீம்', 'ஆல்மோஸ்ட் காட் இம்', 'ராபின்ஸ் ரெக்கனிங்'. இவை முடியும்போது பிடித்திருந்தால் மிச்சத்தைத் தயாரிப்பு வரிசையில் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் இந்தத் தொடர் உங்களுக்கானது இல்லை, தாராளமாக விடலாம்.

இருபது எபிசோடு போல ஆனதும் 'மாஸ்க் ஆஃப் த ஃபாண்டாஸம்' படத்தைப் பார்த்துவிடுங்கள். 1993 கிறிஸ்துமஸ் அன்று திரையரங்குகளில் வந்து, அப்போது பெரிதாக ஓடவில்லை. பெற்றோரின் கல்லறை முன்னால் ப்ரூஸ் மழையில் நின்று, 'நான் சந்தோஷமாக இருப்பேன் என்று எதிர்பார்க்கவே இல்லை' என்று கெஞ்சும் இடத்தில் கான்ராயின் குரலைக் கேளுங்கள். அந்தக் குரலோடு அதுவரை பழகியிருந்தால்தான் அந்தக் காட்சி முழுதாகக் கிடைக்கும், அதனால்தான் படத்தை முதலில் பார்க்க வேண்டாம் என்கிறேன். அது முடிந்ததும் எக்ஸ்-மென்னுக்குப் போகலாம். அங்கே மாற்றிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: 'நோ மியூட்டன்ட் இஸ் அன் ஐலேண்ட்'. ஜீனை இழந்த துக்கத்தில் ஸ்காட் அணியை விட்டுப் போகும் கதை அது, ஃபீனிக்ஸ் கதைக்கு அடுத்து வர எடுத்தது. 1996-ல்தான் ஒளிபரப்பானதால் பல இடங்களில் வெகு பின்னால் வைத்திருப்பார்கள். அதை டார்க் ஃபீனிக்ஸுக்கு முன்னால் பார்த்துவிடுங்கள்.